பலகையில் இருந்த பெயர்

குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, நாற்காலிமேல் ஏறி, கட்டிலின் பின்சுவரில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள் குகுவா. நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள் அக்கா அராபா. மூன்று வாரம் பிணவறையில் இருந்த அம்மா விடியற்காலையில்தான் வீடு வந்திருந்தாள். வெள்ளைச் சரிகை உடையும் தங்க நகையுமாகப் பித்தளைக் கட்டிலில் கிடந்தாள். எட்டு மணிக்கு மேல் கேப் கோஸ்ட் ஊரே வரிசையில் வந்து பார்க்கும்.

கட்டிலை அராபாதான் அலங்கரிப்பதாக இருந்தது. ஆனால் தங்கை அக்ராவிலிருந்து ஒரு வேன் நிறையத் தன் கடைச் சாமானைக் கொண்டுவந்து இறக்கிய பிறகு மூத்தவளை யார் கேட்டார்கள்? மாம்பழ மஞ்சளில் திண்டுகள், சிவப்பும் பச்சையுமாய்ப் பின்னிய கூடை விளக்குகள், அவுரி நீல விரிப்பு. சாவு வீடா, கல்யாண வீடா என்று கேட்க வாய் துடித்தது அராபாவுக்கு. பார்க்க அழகாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

அம்மாவுக்கு ஆறு வருடம் மலஜலம் எடுத்தவள் அராபா. கண் தெரியாத அம்மா அந்த ஆறு வருடமும் விசாரித்தது குகுவாவை. பிணத்தின் பக்கத்தில் நிற்கும்போதும் எரிகிறதே, இது என்ன பிறவியோ!

குகுவாவோடு வேனில் வந்திருந்த சித்தி அபா உள்ளே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்றாள். கடைக்கே அம்மா பேரை வைத்த பெண் யாருக்கு வாய்க்கும், அக்கா எவுராமா அந்தச் சந்தோஷத்தோடுதான் கண்ணை மூடியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டே வெளியே போனாள். அராபா தலையாட்டி வைத்தாள்.

குகுவா குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். "போன்ல பேசினா அம்மாவுக்குக் காது கேக்காதுன்னுதான் கடைப் பலகையைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ சொன்னப்ப அம்மா என்னக்கா சொன்னா?"

ஜனவரியில் வந்தது அந்தப் படம். மஞ்சள் பலகையில் கொட்டை எழுத்தில் 'எவுராமா'. என்னடி பேர் வச்சிருக்கா என்று அம்மா கேட்டபோது அராபா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "தன் பேரைத்தான். வேற யார் பேரை வைப்பா?" என்று சொல்லிவிட்டாள். சரிதான், அவ கடை என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள் அராபா. நாளை, நாளையென்று ஐந்து மாதம் ஓடிவிட்டது.

"அழுதா," என்றாள் அராபா. "சந்தோஷத்துல."

குகுவாவின் முகம் மலர்ந்து, உடனே கோணி, கண் நிறைந்தது. பொய்யான சந்தோஷமானாலும் அதுவும் தங்கைக்கே போய்ச் சேர்ந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை வெளியே தூக்கிக்கொண்டு போனாள்.

அராபா திண்டில் முழங்கையை ஊன்றிக் குனிந்தாள். அம்மாவின் காதில் பஞ்சு அடைத்திருந்தது.

"உன் பேரும்மா. உன் பேரைத்தான் வச்சிருக்கா."

குனிந்தபடியே இருந்தாள். பின்னால் வந்த குகுவா, அக்கா அழுகிறாள் என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு முழங்கை பட்டுக் கசங்கிய திண்டை மெல்ல உருவி, உதறி, முனைகளை நீவி, அம்மாவின் தலைமாட்டில் நேராக வைத்தாள்.