மம்மிப் பெட்டியில் சுகன்யாவின் மூக்கு

பாகூர் கடைத்தெருவில் பூ அலங்காரம் செய்கிறவன் முத்துக்குமரன். கல்யாணக் காரும் அவன் கைதான், சாவு வீட்டுப் பூப்பல்லக்கும் அவன் கைதான். காரில் மிஞ்சிய ரோஜாவை அவன் மனைவி சுகன்யா தலையில் வைத்துக்கொள்வாள். பல்லக்கில் மிஞ்சியதை வாசப்படி தாண்ட விடமாட்டாள். பல்லக்கு கட்டிய நாளில் புருஷனையே ஒரு குடம் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விடுவாள், பூ எம்மாத்திரம்!

அப்படிப்பட்டவள் வீட்டுக் கூடத்தில்தான் ஒரு பிணப்பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எகிப்து மம்மி வேண்டுமென்று சரித்திர வாத்தியார் கேட்டிருந்தார். "பொம்மைதாண்டி" என்று கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சம்மதிக்க வைத்திருந்தான். தெர்மாகோலை ஆள் உயரத்துக்கு வெட்டி, பழைய வேட்டியைக் கிழித்துப் பசையில் நனைத்துச் சுற்றி, தங்கக் கலர் அடித்து, கழுத்தில் நீலமும் சிவப்புமாகப் பட்டை போட்டான். கடைசியில் முகம். வாத்தியார் போனில் அனுப்பிய ராணி படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தான்.

டீ கொண்டுவந்த சுகன்யா டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"யோவ், இது யாரு?"

"எகிப்து ராணி."

"எகிப்து ராணிக்கு ஏன்யா எம் மூக்கு?"

அப்போதுதான் அவனும் பார்த்தான். சப்பை மூக்கு, சேர்ந்த புருவம், தெத்துப்பல் தெரியும் சிரிப்பு. அவன் கை அவனைக் கேட்காமலே தனக்குத் தெரிந்த ஒரே பெண் முகத்தைப் போட்டுவிட்டிருந்தது.

"ஊருக்கெல்லாம் பல்லக்கு கட்டி, கடைசில எனக்கே பொட்டி செஞ்சிட்டியா? நான் இன்னும் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்யா!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பையை எடுத்துப் புடவைகளைத் திணித்தாள். "நான் கரியமாணிக்கத்துக்கே போறேன், எங்கம்மா வூட்டுக்கு."

அவள் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு நாள் தள்ள முடியாது அவனால். "இரு, இப்பவே அழிச்சிடறேன்" என்று பிரஷ்ஷை வெள்ளைப் பெயிண்டில் முக்கி மூக்கு வரை கொண்டுபோனான். அதற்கு மேல் கை போகவில்லை.

"அழியேன்யா."

"முடியலடி. உம் மூஞ்சி மேல நான் எப்டிடி வெள்ளையடிப்பேன்?"

புடவை திணிப்பதை நிறுத்தினாள். "அந்த ஊர்ல பொணத்து மேல எதுக்குய்யா மூஞ்சி வரையறாங்க?"

"வெளிய போன உசுரு திரும்பி வருமாம். வந்தா, தன் ஒடம்பு எதுன்னு அடையாளம் தெரியணுமாம். வாத்தியார் சொன்னாரு."

சுகன்யா பையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியருகே வந்தாள்.

"சரி, நான் திரும்பி வந்துட்டேன்னு வச்சிக்க. பக்கத்துல நீ எங்க?"

முத்துக்குமரன் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த வெறும் தரையைப் பார்த்தான்.

"நீ இல்லாத எடத்துக்கு நான் இன்னாத்துக்கு வரணும்? இன்னொரு பொட்டி பண்ணு."

அவன் அடுத்த தெர்மாகோலை வெட்ட உட்கார்ந்தான். முகம் வரைய வேண்டிய நேரம் வந்ததும், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்ற எழுந்தான்.

"கண்ணாடி எதுக்கு? உக்காரு" என்றாள், அவன் பக்கத்தில் வந்து அமர்ந்துகொண்டு. "உம் மூஞ்சி எனக்குத் தெரியாதா? நான் சொல்றேன், வரை."