மிச்சம் பிடித்த பெட்ரோல்

சின்னதம்பிக்கு ஒரு வியாதி இருந்தது. ஊரில் அதற்கு நேர்மை என்று பெயர். ஜவ்வாது மலையில் அப்துல் கய்யூம் பாயின் கிடங்குக்கு அவன்தான் காவல். வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் போகிற கடுக்காய் மூட்டைகள் அங்கே கூரை தொட அடுக்கியிருக்கும். அதில் ஒரு காய் மகன் கையில் தென்பட்டாலும் பிடுங்கிக் கொண்டுபோய் மூட்டையிலேயே போட்டுவிட்டு வருவான். பாய் இதையெல்லாம் கேட்டதே இல்லை. கேட்காமலே செய்வதில்தான் அவனுக்குப் பெருமை.

எண்பத்து மூன்றாம் வருஷம் அந்தக் கிடங்குக்கு ஒரு வண்டி வந்து சேர்ந்தது. பாயின் மகன் இக்பாலுக்கு அவனுடைய மாமா கப்பலில் அனுப்பியது. பையன்கள் மேடு பள்ளத்தில் ஓட்டிப் பழகுகிற ஜப்பான் மோட்டார் சைக்கிள். கழுதைக்குட்டி உயரம்தான், லைட் இல்லை, ஹாரன் இல்லை. ஆனால் கிளட்சும் கியரும் பெரிய வண்டிக்கு இருப்பது போலவே இருந்தன. கீழே ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்று மலைக்கு ஏற்றிவிட்டார்கள். ஞாயிறுதோறும் இக்பால் வந்து ஓட்டுவான். "மத்த நாள்ல சும்மா நின்னா கெட்டுப்பூடும், உன் புள்ள ரங்கன ஓட்டச் சொல்லு" என்றார் பாய்.

ரங்கனுக்குப் பதின்மூன்று வயது. இக்பால்தான் சொல்லிக்கொடுத்தான். முதல் வாரம் கிளட்சைப் பட்டென்று விட்டு, எஞ்சினை அணையவிட்டுக்கொண்டே இருந்தான். செருப்பில்லாத கால், கியரைத் தூக்கித் தூக்கி இடது கட்டைவிரலின் மேல்தோல் உரிந்தது. அவன் அம்மா செல்லியம்மாள் மஞ்சள் அரைத்துப் போட்டாள். மூன்றாம் வாரம் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றினான். "அத்தா, இவன் என்னவிட நல்லா ஓட்றான்" என்று இக்பாலே பாயிடம் சொன்னான். பொங்கல் கழித்துத் திருப்பத்தூரில் பையன்களுக்கு ஒரு பந்தயம் இருக்கிறது, இந்த வண்டியில் ரங்கனே ஓட்டட்டும் என்றார் பாய். அன்றிலிருந்து பையனுக்குச் சோறு தின்னும்போதுகூட இடது கால் விரல் கியர் போட்டுக்கொண்டிருந்தது.

சின்னதம்பிக்குத்தான் நிம்மதி போயிற்று. தினமும் ஓட்டினால் பெட்ரோல் குறையும். பாய் என்ன நினைப்பார்? ஒரு மூங்கில் சிம்பைச் சீவி, ஞாயிறு மாலை இக்பால் பெட்ரோல் நிரப்பிவிட்டுப் போனதும் டாங்கில் விட்டு, நனைந்த இடத்தில் கத்தியால் கோடு கிழித்தான். அதற்குக் கீழே நான்கு விரற்கடையில் இன்னொரு கோடு. ஒரு வாரத்தில் இதற்கு மேல் குறையக் கூடாது. யார் வைத்த சட்டம்? யாரும் வைக்கவில்லை, அவனே வைத்துக்கொண்டது.

பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கையில், புதன்கிழமையே, பெட்ரோல் அந்தக் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது.

"இன்னாடா இது? ஞாயித்துக்கெழம பாய் மொகத்துல எப்டிடா முழிக்கிறது?"

"ஏத்தம் ஏறுனா குடிக்கும்பா."

"ஏறச்சொல்ல குடிக்கட்டும். எறங்கச்சொல்ல எதுக்கு? எஞ்சின அமுத்திட்டு சும்மா உருட்டிக்கினு வா."

"இக்பால் அண்ணன் சொல்லிச்சி, எறக்கத்துல ரெண்டாவது கியர்லயே வரணுமாம். எஞ்சினே வண்டிய இழுத்துப் புடிச்சிக்குமாம். பிரேக்க மட்டும் நம்பக்கூடாதாம்."

"டிரைவர் ஆதிநாராயணன் நம்ம கடுக்கா லோடு லாரியவே நூட்ரல்ல வுட்டுக்கினு எறங்குறாரு. அவுருக்குத் தெரியாததா உனுக்குத் தெரிஞ்சிட்சி? அட்த்தவங்க பொருளுடா அது. சொன்னா கேளு, இல்லன்னா ஓட்டவே வாணாம்."

அப்படி மிச்சம் பிடித்த டீசலை ஆதிநாராயணன் கீழே விற்றுத் தின்கிறார் என்பது மலைக்கே தெரியும். திருடுகிறவனைப் பார்த்து நேர்மையாக இருக்கக் கற்றுக்கொண்ட ஆள் உலகத்திலேயே சின்னதம்பி ஒருவன்தான்.

ஓட்டவே வேண்டாம் என்ற பேச்சுக்குத்தான் பையன் பயந்தான். மறுநாள் காலை மேட்டில் ஏறி, உச்சியிலிருந்த ஓடையைக் கடந்து, மறுபடியும் கடந்து திரும்பினான். சக்கரமெல்லாம் தண்ணீர். எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் விட்டான். கிடங்கு வாசலில் நின்ற சின்னதம்பிக்கு, வண்டி சத்தமே இல்லாமல் வருவதைப் பார்த்து வயிறு குளிர்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை! நனைந்த பிரேக் பிடிக்கவில்லை என்பது அவனுக்கு அங்கிருந்து தெரியவில்லை. ரங்கன் கியரை மிதித்து மிதித்துப் பார்த்தான். அந்த வேகத்தில் கியர் விழவில்லை. புளியமரத்துத் திருப்பத்தில் வண்டி பாறையில் மோதிச் சாய்ந்தது. அவனுடைய இடது பாதம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

போர்வையில் தூளி கட்டி, ஆள் மாற்றி ஆள் தூக்கித் திருப்பத்தூர் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு பாய் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பெட்ரோலா? அல்லாவே, உங்கிட்ட யாருய்யா பெட்ரோல் கணக்கு கேட்டது?"

அவர் வண்டிக்காகத் திட்டியிருந்தால் சின்னதம்பி தாங்கியிருப்பான். இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த அன்று செல்லியம்மாள் அந்த மூங்கில் சிம்பை எடுத்து அடுப்பில் வைத்தாள். அவனோடு பேசுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டாள்.

மாசி மாதம் வண்டியை விற்றுவிட்டார்கள். ஏற்றிப்போக லாரி வந்தது. ரங்கன் கக்கத்தில் கோலை ஊன்றிக்கொண்டு கிடங்கு வாசலில் வந்து நின்றான். படுக்கவைத்து ஏற்றினால் வழியெல்லாம் ஒழுகும் என்று ஆதிநாராயணன் வண்டியின் பெட்ரோல் டியூபைப் பிடுங்கினார்.

"பிடிச்சி வெச்சிக்கக் கூடாதாங்க?" என்றான் சின்னதம்பி.

"எண்ணெ கலந்த பழைய பெட்ரோலுய்யா. எதுக்கும் ஒதவாது."

பெட்ரோல் மண்ணில் ஊற்றிக்கொண்டே இருந்தது. நினைத்ததைவிட அதிக நேரம் ஊற்றியது. சின்னதம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாம மிச்சம் புடிச்சது அதானாப்பா?" என்று ரங்கன் கேட்டான். குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

சின்னதம்பி ஆமாம் என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.