தப்பான நட்டு

அன்று காலையிலிருந்தே வலது தோள்பட்டைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முந்தைய நாள் ஒரு லாரியின் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியதில் பிடித்துக்கொண்டது. பல் துலக்கக் கையைத் தூக்கினால் காது வரைக்கும் சுளீர் என்றது. இடது கையால் துலக்கினேன். பற்பசை பாதி வாயில், பாதி பனியனில்.

"இன்னிக்கு ஒரு நாள் கடையைச் சாத்திட்டுப் படுங்களேன்," என்றாள் மனைவி.

"உன் தம்பி வண்டிக்கு என்ஜின் ஆயில் மாத்தணும். கால் மணி நேர வேலை. முடிச்சிட்டு வந்து படுக்கறேன்."

அந்தக் கால் மணி நேரத்தில்தான் என் மானம் போனது.

மச்சான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் வண்டி. சிறுநீரகம் பழுதானவர்களை வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேலை ஒன்று அவனுக்கு நிரந்தரமாகக் கிடைத்திருந்தது. அன்று மதியம் இரண்டு மணிக்கு வண்டிச் சோதனை. அதில் தேறித் தகுதிச் சீட்டு வாங்காவிட்டால் அடுத்த ஒரு வருஷத்துக்கு அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவன் வீட்டில் அடுப்பெரிவது அந்த வேலையில்தான்.

கடையில் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கத் தோண்டிய பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தினான். நான் உள்ளே இறங்கி அண்ணாந்து பார்த்தேன். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு நட்டு. இடது கைக்கு எது வாகாக இருந்ததோ அதைக் கழற்றினேன். எண்ணெய் சட்டியில் விழுந்தது. மை மாதிரிக் கறுத்திருக்க வேண்டியது, செம்பழுப்பாக, தண்ணீர் போல ஓடியது.

"பாத்தியா மச்சான்? ஹைப்ரிட்ல என்ஜின் பாதி நேரம் தூங்குது. அதான் எண்ணெய் கறுக்கவே இல்ல," என்று பாடம் வேறு எடுத்தேன்.

ஒன்றும் தெரியாதவன் அந்த நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பான். எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். சந்தேகத்துக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்துவிட்டது.

நட்டைப் பூட்டி, மேலே வந்து, என்ஜினில் நாலு லிட்டர் புது எண்ணெய் ஊற்றினேன். அளவுக்கம்பியை இழுத்துப் பார்க்கவில்லை. அளந்துதானே ஊற்றினோம், பார்க்க என்ன இருக்கிறது?

மச்சான் கிளம்பி இரண்டு நிமிஷத்தில் போன் அடித்தான். "மாமா, வண்டி அழுவுது."

"அழுவுதா?"

"உய்ய்னு. போகப் போகச் சத்தம் ஏறுது. பின்னாடி புகை வேற. தெருமுனையில நிறுத்திட்டேன்."

சட்டியைத் திரும்பிப் பார்த்தேன். விரலை விட்டு மோந்தேன். என்ஜின் எண்ணெய் இல்லை. கியர்பாக்ஸ் எண்ணெய். கியர்பாக்ஸை வறளவிட்டு, ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்த என்ஜினுக்கு இன்னொரு வேளைச் சாப்பாடு போட்டிருக்கிறேன்.

கயிற்றை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். மச்சான் காதில் போனோடு நின்றிருந்தான். "தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன் மாமா," என்று போனை என் பக்கம் நீட்டினான். எனக்குக் கயிறு கையிலிருந்து நழுவியது.

அவன் தங்கச்சி, அதாவது என் மச்சினி, அடுத்த தெருவில் ஹைப்ரிட் வண்டிகளுக்கென்றே கடை வைத்திருப்பவள். அவளும் நானும் பேசி இரண்டு வருஷம். அவள் ஹைப்ரிட் மெக்கானிக் படிப்பை முடித்து வந்த அன்று மாமியார் வீட்டுப் பந்தியில் எங்கள் இருவரைத் தவிரப் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "சாவி கொடுக்கற பொம்மையை ரிப்பேர் பண்றதுக்கு ஒரு படிப்பா? இதெல்லாம் ஒரு மெக்கானிக் வேலையா?" என்று நான்தான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போனாள்.

போனை வாங்கினேன். அவள் நலம் விசாரிக்கவில்லை.

"கயிறு கட்டி இழுக்காதீங்க. சக்கரம் வேகமாச் சுத்தினா உள்ள இருக்கற மோட்டாரும் சேர்ந்து சுத்தும். எண்ணெய் இல்லாம காஞ்சு கெடக்கு. கையால, மெதுவாத் தள்ளிட்டு வாங்க. நான் உங்க கடைக்கு வரேன்."

தள்ளினோம். தோள்பட்டை ஒவ்வொரு அடிக்கும் என் பரம்பரையைத் திட்டியது.

நாங்கள் வந்து சேரும்போது அவள் பள்ளத்தின் விளிம்பில் இரண்டு எண்ணெய் டப்பாவும் ஒரு கைப்பம்புமாக நின்றிருந்தாள். மணி பதினொன்றரை. நான் மூலையிலிருந்த பீப்பாயைக் காட்டினேன். "கியர் ஆயில் இங்கயே இருக்கே. எண்ணெய் எண்ணெய்தானே?"

"உங்க கியர்பாக்ஸ்ல பல்லு மட்டும்தான் எண்ணெயில குளிக்குது. இதுல மோட்டாரோட செம்புக்கம்பியும் அதே எண்ணெயிலதான் கெடக்கு. சூடு தணிக்கறதே அதுதான். கண்டதை ஊத்தினா கம்பி மேல பூச்சு போயிடும், கரண்டு கசியும். அதுக்குன்னு சொன்ன எண்ணெய் மட்டும்தான்."

பள்ளத்தில் இறங்கினாள். நான் கழற்றிய நட்டை மறுபடி கழற்றி, அதன் நுனியிலிருந்த காந்தத்தில் ஒட்டியதைக் கட்டை விரலால் தேய்த்தாள். மச்சான் மேலிருந்து எட்டிப் பார்த்தான். பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற முகம்.

"மாவு மாதிரி இருக்கு. இரும்புத் துகள் இல்ல. பொழச்சிச்சு," என்றாள். பிறகு, "எவ்வளவு ஓடிருக்குண்ணா?"

"ஒரு லட்சத்து நாப்பதாயிரம் கிலோமீட்டர். ஆனா இதுக்கு ஆயுசுக்கும் எண்ணெய் மாத்த வேண்டாம்னு சொன்னாங்களே?"

"யாரோட ஆயுசுக்கு? ஒரு லட்சம் தாண்டறதுக்கு முன்னாடியே மாத்தியிருக்கணும்." சட்டியிலிருந்த எண்ணெயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "செய்ய வேண்டிய வேலையைத்தான் செஞ்சிருக்கீங்க. என்ன, தெரியாம செஞ்சிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"அதுல கியரே கிடையாதுன்னுதானே நான் நெனச்சேன்," என்றான் மச்சான். "மாத்தறதே இல்லையே."

"மாத்தறதுக்குத்தான் இல்ல. உள்ள ஒரே ஒரு பல்சக்கரக் கூட்டம். நடுவுல ஒண்ணு, அதைச் சுத்தி நாலு குட்டி, எல்லாத்தையும் சுத்தி ஒரு வளையம். வளையத்துல பெரிய மோட்டார். வண்டியை நேரா இழுக்கறது அதுதான், நம்ம வீட்டுல நீ மாதிரி. குட்டிங்களைப் பிடிச்சிருக்கறது என்ஜின். அது மாமா. சத்தம் போடும், பலமும் இருக்கு. நடுவுல இருக்கறது சின்ன மோட்டார், அது அக்கா. அவ எவ்வளவு வேகமாச் சுத்தறாளோ, எந்தப் பக்கம் சுத்தறாளோ, அதை வெச்சுத்தான் மாமா போடற சத்தத்துல எவ்வளவு சக்கரத்துக்குப் போகணும், எவ்வளவு கரண்டாகணும்னு முடிவாகுது. கிளட்ச்சும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம்."

"அப்ப அக்கா நின்னுட்டா?"

"மாமா எவ்வளவு உறுமினாலும் அவ சொன்ன கணக்குதான்."

இருபத்திரண்டு வருஷமாகக் கியர்பாக்ஸ் பிரிக்கிறேன். இவ்வளவு சுத்தமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் குடும்பத்தைப் பற்றியும்தான்.

அடுத்துதான் சிக்கல். எண்ணெய் ஊற்றுகிற துளை பக்கவாட்டில். அதன் நட்டு துருவேறி இறுகியிருந்தது. அவள் இரண்டு கையாலும் அழுத்தினாள். அசையவில்லை. முனை மழுங்கினால் அன்றைக்குத் தீர்ந்தது. மணி பன்னிரண்டு ஐந்து.

"இதுக்குத்தான் காலி பண்ற நட்டைத் தொடறதுக்கு முன்னாடி ஊத்தற நட்டு கழலுதான்னு பாக்கணும்," என்றாள். அவள் நெற்றியில் முதல்முறையாக வியர்வை. "உள்ள இருந்ததையும் இறக்கியாச்சு, புதுசு போகவும் வழியில்ல."

மச்சான் வாட்சைப் பார்த்தான்.

"தள்ளிக்கோம்மா," என்று நான் இறங்கினேன்.

இறுகின நட்டு எனக்கு உறவுக்காரன் மாதிரி. குணம் தெரியும். சாக்கெட்டை அதன் தலையில் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு, துரு உதிர. துரு நீக்கும் எண்ணெய் தெளித்துப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தோம். பிறகு கழற்றுகிற பக்கம் திருப்பவில்லை. முதலில் ஒரு மயிரிழை இறுக்கினேன். டிக் என்றது. துருவின் பிடி விட்டுப்போன சத்தம். அதற்கப்புறம்தான் நீளக் கம்பியைக் கோர்த்து எதிர்ப்பக்கம் இழுத்தேன். தோளில் தீப்பிடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. நட்டும் வந்தது.

"இறுக்கிட்டுக் கழட்டறதா?" என்றாள்.

"கோவக்காரனை மொதல்ல 'நீ சொல்றதுதான் சரி'ன்னு சொல்லணும். அப்புறம் இழுத்தா வருவான்."

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் நான் வாங்கிய முதல் சிரிப்பு. உடனே அடக்கிக்கொண்டு பம்பை எடுத்தாள்.

காலி பண்ணுகிற நட்டுக்குப் புது வாஷர் போட்டுப் பூட்டிவிட்டு, பக்கத் துளையில் எண்ணெய் வழிகிற வரைக்கும் பம்பு அடித்தாள். வழிந்து, சொட்டாகிற வரைக்கும் காத்திருந்தாள். "இதுக்கு அளவுக்கம்பி கிடையாது. சம தரையில நின்னு, வழிஞ்சு நின்னா அதுதான் அளவு." அதற்குள் நான் சரியான நட்டைக் கழற்றி, என்ஜினில் இருந்த எட்டு லிட்டரையும் இறக்கி, புதிதாக நாலு ஊற்றினேன். இந்த முறை அளவுக்கம்பியை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

வண்டி கிளம்புமுன் அதன் பின்கதவைத் திறந்தாள். சீட்டின் ஓரத்தில் பேட்டரிக்குக் காற்றுப் போகும் ஜன்னல். அதன் மேல் மச்சான் சொகுசுக்காக ஒரு குஷனைச் செருகியிருந்தான். உள்ளேயிருந்த வடிகட்டியை உருவினாள். தூசியும் தலைமுடியும் போர்வைப் பஞ்சுமாக ஒரு கத்தை.

"இதுல ஒரு தலகாணி தைக்கலாம்ணா. பேட்டரி மூச்சு முட்டிச் செத்தா உன்னால வாங்க முடியுமா? மாசம் ஒரு தடவை இதைத் தட்டிப் போடு."

வண்டி தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தது. கொஞ்சம் புகை, பிறகு அதுவும் இல்லை. அழுகையும் இல்லை. ஒன்று இருபதுக்கு மச்சான் கிளம்பினான். கடைக்குள் அவளும் நானும், கையைத் துடைக்க ஒரே துணி.

"எவ்வளவும்மா ஆச்சு?" என்றேன்.

"எண்ணெயைத் திருப்பிக் குடுத்துடுங்க. கூலி வேண்டாம்." துணியை மடித்து வைத்தாள். "அன்னிக்கு எத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க?"

"பதினாலு."

"அதே பதினாலு பேர். தனித்தனியாச் சொன்னாலும் சரி, நான் பக்கத்துல இருக்கணும்."

மணி இரண்டே முக்காலுக்கு மச்சான் போன் வந்தது. பேச்சே இல்லை. ஹாரன் மட்டும் மூன்று தரம். தேறிவிட்டது.

எண்ணெயை மறுநாளே வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துச் சொந்தக்காரர் வீடு வீடாகக் கூட்டிப்போனாள். "நான் பேசினது தப்பு. இவ என்னைவிட நல்ல மெக்கானிக்." பதின்மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது. சொல்லச் சொல்லத் தோள்வலிகூடக் குறைந்தது.

பாக்கி ஒருவர். என் மாமியார். அவருக்குக் காது மந்தம். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஆகவே என் மச்சினிக்கு நான் இன்னும் ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறேன்.