ஆளில்லா வளவுகளில் தண்ணீர்

சௌந்தரநாயகிக்கு வயிற்றில் அந்த வருத்தம் தொடங்கியபோது அவள் புங்குடுதீவில் வல்லன் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலேறி வந்த சொந்தக்காரர்களால் வீடு நிறைந்திருந்த நேரம். ஒரு நாள் காலையில் அடிவயிற்றை ஈரத்துணி பிழிகிறமாதிரிப் பிழிந்தது. வளவின் பின்மூலையில் இருந்த கக்கூசுக்கு ஓடிப்போய் வந்தாள். வந்து சேலையைச் சரிசெய்ய முன்னமே திரும்பவும் பிழிந்தது.

சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். சாப்பாட்டை மாற்றிப் பார்த்தாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக இந்தியாவுக்கும் ஜேர்மனிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். வயிற்று வருத்தம் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. சில நாள் விட்டு விட்டுப் போகும். பிறகு ஒரு கிழமை ஒன்றுமே போகாமல் வயிறு மத்தளம்போல ஊதி நிற்கும். எப்போது வரும் என்று சொல்ல முடியாததுதான் பெரிய கரைச்சல். கலியாண வீட்டில், பஸ்ஸில், கரும்பலகைக்கு முன்னால், எங்கே நின்றாலும் வரலாம்.

பட்டினத்துக்குப் போய்ப் பெரிய டாக்குத்தர்மாரிடம் காட்டினாள். வெள்ளைக் கூழைக் குடிக்கவைத்துப் படம் பிடித்தார்கள். இரத்தம், மலம் எல்லாம் சோதித்தார்கள். பூச்சி இல்லை, புண் இல்லை, கட்டி இல்லை. ஒருவர் அவளைப் பார்க்காமலே, கலியாணம் கட்டினால் சரிவரும் என்று தம்பி வைத்திலிங்கத்திடம் சொன்னார். பரியாரி சூரணம் தந்து கத்தரிக்காயை நிற்பாட்டினார். சாத்திரி சனியன் என்றார். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்திவைத்துப் போன அன்று வள்ளத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததுதான் அவளுக்கு நினைவில் நிற்கிறது. அம்மன் முகம் நினைவில் இல்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, தன் உடம்புக்குள் இருப்பது தன்னுடையதில்லையோ என்ற பயம் அவளுக்கு மெல்ல மெல்ல ஊறியது. சாப்பிட்ட பிறகு வயிறு இரைகிற சத்தம், பக்கத்து அறையில் யாரோ தணிந்த குரலில் கதைப்பதுபோல இருக்கும்.

தலைமை வாத்தியார் சரவணமுத்து கண்டிப்பான மனிதர். வகுப்பை விட்டுவிட்டு இப்படி அடிக்கடி ஓடினால் பிள்ளைகளின் படிப்பு என்னாவது என்று ஒரு தரம் கேட்டார்.  அந்தப் பள்ளித் தவணை முடிவில் அவள் வேலையை விட்டாள்.

அதற்குப் பிறகு ஊரை அவள் வேறுவிதமாகத்தான் அறிந்திருந்தாள். எந்த ஒழுங்கையில் எந்த வளவில் கக்கூசு இருக்கிறது, கதவுக்குக் கொக்கி உண்டா, கிணறு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். அந்த வீடுகளைத் தொட்டுத் தொட்டுத்தான் எங்கேயும் போவாள்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஐப்பசியில் கடற்படை தீவுக்குள் வருகிறது என்றதும் சனம் வள்ளங்களில் ஏறி அக்கரை போயிற்று. வைத்திலிங்கமும் அவன் மனைவி மீனலோசனியும் பெட்டி கட்டிவிட்டு அவளைக் கெஞ்சினார்கள். திறந்த வள்ளம், தோளோடு தோள் இடிக்கச் சனம், எத்தனை மணித்தியாலமோ தெரியாது. சௌந்தரநாயகிக்கு அதை நினைத்ததுமே வயிறு பிழியத் தொடங்கியது. வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பொய் சொன்னாள். மீனலோசனி காரணத்தை விளங்கிக்கொண்டாள். வள்ளத்தில் சீலையால் மறைப்புக் கட்டலாம் என்று காதுக்குள் சொன்னாள். சௌந்தரநாயகி தலையாட்டிவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர்களுடைய காலடிச் சத்தம் ஒழுங்கையில் தேயும்வரை வெளியே வரவில்லை.

ஊரில் அங்குமிங்குமாகச் சிலபேர் எஞ்சினார்கள். அவளுடைய ஒழுங்கையில் இருந்தது ஆடு வளர்க்கிற செல்லாச்சி மட்டும். காது கேளாத மனுசி. இரவில் சௌந்தரநாயகி வீட்டில் வந்து படுப்பாள். அரிசியும் மாவும் சந்தியடிச் சங்கக்கடையில் கொடுத்தார்கள். கிழமைக்கொரு தரம் அங்கே நடந்து போகவேண்டும். பற்றைக்குள் மிதிவெடி இருக்கலாம், இறங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தபடியால், வழியில் வயிறு பிழிந்தால் அவளுக்கு ஆளில்லா வீடுகள்தான் கதி.

முதல் தரம் அப்படி நுழைந்தது சீதேவியக்கா வீடு. உச்சி வெயில். படலை திறந்து கிடந்தது. முற்றம் முழுக்கப் பூவரசஞ் சருகு. கதவு, யன்னல், கதிரை எல்லாம் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கக்கூசுக் கதவு மட்டும் இருந்தது. உள்ளே போய் அவசரம் முடிந்த பிறகுதான் தண்ணீர் எடுத்து வரவில்லையே என்ற நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தாள். மூலையில் தகர வாளி, விளிம்புவரைக்கும் தண்ணீர். பக்கத்தில் அள்ளி ஊற்ற ஒரு பேணி. தண்ணீரில் ஒரு தூசி இல்லை. கைவைத்தாள். கிணற்றுக் குளிர் அப்படியே இருந்தது.

சீதேவியக்கா குடும்பம் போய் மூன்று மாதத்துக்கு மேல்.

வெளியே வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். அறைகளுக்குள் அவள் குரல் போய் வந்தது. படலையடியில், விட்டுப்போன நாயொன்று படுத்திருந்தது. ஊரில் அசைகிற எல்லாவற்றையும் பார்த்துக் குரைக்கிற நாய். அந்த வளவை நோக்கி முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாலை ஆட்டியது. அவளை அது பார்க்கவில்லை.

அடுத்த கிழமை வேறொரு வீடு. அங்கேயும் வாளி நிறைந்திருந்தது. அதற்கடுத்து ஆழ்வாப்பிள்ளையர் வீடு. அங்கேயும். கூரை பறந்துபோன வீட்டிலும், சுவர் இடிந்து கக்கூசு மட்டும் தனியே நின்ற வளவிலும், உள்ளே நிறைவாளி இருந்தது. அவள் நம்பியிருந்த வீடுகள் ஒவ்வொன்றிலும் அவள் வருவது தெரிந்து யாரோ முன்னே முன்னே போவதுபோல. செல்லாச்சியிடம் கையாலும் வாயாலும் கேட்டுப் பார்த்தாள். செல்லாச்சி ஆடுகளைக் காட்டி, அதுகள் அந்த வளவுகளுக்குள் மேயப் போவதில்லை என்று மட்டும் சொன்னாள்.

பங்குனியில் ஒரு நாள் ஆழ்வாப்பிள்ளையர் வளவுக்குள் ஓடிப்போனபோது, கக்கூசுக் கதவு உள்ளுக்குள் பூட்டியிருந்தது. உள்ளே ஒரு இருமல்.  சௌந்தரநாயகிக்கு வயிறு பிழிந்ததுகூட நின்றுவிட்டது. கொக்கி கழன்றது. வேட்டியை மடித்துக் கட்டிய, தாடி வளர்ந்த ஒரு கிழவர் வெளியே வந்தார்.

"பயப்பிடாதையும். நான் சரவணமுத்து," என்றார்.

குரலில்தான் அவள் தலைமை வாத்தியாரைக் கண்டுபிடித்தாள். "சேர் போகேல்லையோ?" என்று கேட்டாள்.

"என்னாலை ஏலாது, பிள்ளை. வள்ளத்திலை அவ்வளவு நேரம்..." என்றார். வலதுகை தானாக அடிவயிற்றில் போய் அமர்ந்தது. அந்தக் கை வைத்த விதம் அவளுக்குத் தெரிந்த விதம்.

அவருக்கு வாலிப வயதிலேயே வந்த வருத்தமாம். மனைவிக்குக்கூட முழுதும் தெரியாதாம். பள்ளிக்கூடத்தில் அவருடைய அறை ஏன் கக்கூசுக்குப் பக்கத்தில் இருந்தது, அதன் பூட்டுத் திறப்பு ஏன் அவரிடம் இருந்தது என்பதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. கோபம் வருமென்று பார்த்தாள். சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இத்தனை காலத்தில் தன் வயிற்றைப் பற்றி ஒரு ஆளோடு கூச்சமில்லாமல் கதைத்தது அன்றுதான். உழுந்து ஒத்துக்கொள்ளுமா, பயந்தால் கூடுமா, வந்துபோன பிறகு உடம்பு நடுங்குமா என்று மாறி மாறிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு பேருக்கும் ஒரே மறுமொழி. வயிறு கதைப்பதுபோல இருக்கும் என்று அவள் தயங்கிச் சொன்னபோது அவர், "ஓம், ஓம், பக்கத்து அறையிலை கதைக்கிற மாதிரி," என்றார்.

போகும்போது அவள், தண்ணீர் நிறைத்து வைத்ததற்குப் பெரிய உபகாரம், சீதேவியக்கா வீட்டிலும் சந்தியடி வீடுகளிலும் அது எத்தனை தரம் தன் மானத்தைக் காப்பாற்றியது என்று சொன்னாள்.

சரவணமுத்து நின்றார்.

"நான் என்ரை வீட்டிலையும் இஞ்சையும்தான் அள்ளி வைக்கிறனான். உம்மைத் தூரத்திலை ரண்டு மூண்டு தரம் கண்டனான். மற்ற வீடுகளிலை வைக்கிறது நீர் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்."

பூவரசு அசையவில்லை. எங்கோ ஒரு தகரம் காற்றில்லாமலே ஒருமுறை தட்டியது.

இருவரும் சேர்ந்து சீதேவியக்கா வீட்டுக்குப் போனார்கள். கிணற்றுக் கயிறு நனைந்திருந்தது. கிணற்றடியிலிருந்து கக்கூசு வாசல்வரை மண்ணில் தண்ணீர் சொட்டிய தடம். உள்ளே வாளியில் தண்ணீர் இன்னும் தளும்பி அடங்கவில்லை. "ஆர் அது?" என்று சரவணமுத்து பள்ளிக்கூடக் குரலில் கேட்டார். வீடு அவர் கேள்வியையே திருப்பிச் சொன்னது. நாய் வழக்கம்போல வாலை ஆட்டியது. மண்ணில் காலடி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்ற யோசனை வீடு திரும்பும் வழியில்தான் வந்தது. திரும்பிப் போய்ப் பார்க்க இரண்டு பேருக்கும் மனமில்லை.

அதன்பிறகு அவர்களும் பங்குபோட்டு அள்ளி வைக்கத் தொடங்கினார்கள். போன இடமெல்லாம் பெரும்பாலும் முன்னமே நிறைந்திருக்கும். பயம் போய்விடவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு நடக்க அவளுக்குப் பழகிவிட்டது.

தொண்ணூற்றுநாலில் வெளியிலிருந்து ஒரு இளம் டாக்குத்தர் படகில் வந்து பள்ளிக்கூட விறாந்தையில் ஆட்களைப் பார்த்தார். சௌந்தரநாயகி எல்லாவற்றையும் சொல்ல, அவர் இடைமறிக்காமல் கேட்டார். குடலில் பழுதில்லை, குடலின் ஓட்டமும் அதன் நரம்புகளும் ஒத்துப்போகாத ஒரு வருத்தம் இது, உயிரை எடுக்காது, முழுதாக விட்டும் போகாது, கூடும் குறையும் என்றார். அதற்கு ஒரு பெயரும் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான். "இது வேறை ஆக்களுக்கும் இருக்கோ?"

பத்துப் பேரில் ஒருவருக்காவது இருக்கும், வெட்கத்தில் சொல்லமாட்டார்கள் என்றார் டாக்குத்தர்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அந்தப் பதிலையே நினைத்தாள். வள்ளத்தில் ஏற முடியாமல் ஊரில் நின்றவர்கள் தானும் சரவணமுத்து சேரும் மட்டுமாக இருக்கத் தேவையில்லை. வேறொரு ஒழுங்கையில், முகம் காட்ட வெட்கப்பட்டு, இன்னொரு ஆள் இருக்கலாம். சரவணமுத்துவிடம் சொன்னபோது அவரும் ஓம் என்றார். பிறகு இருவரும் எஞ்சியிருந்த எல்லாரையும் பெயர் பெயராக யோசித்துப் பார்த்தார்கள். ஒருவரும் பொருந்தவில்லை.

அடுத்த மாரி தொடங்கிய நேரம், சங்கக்கடைக்குப் போகும் வழியில் சீதேவியக்கா வளவுக்குள் போனாள். நாய் படலையடியில் இல்லை. வாளி வெறுமையாக இருந்தது. அடியில் ஒரு துளி ஈரமில்லை. சிலந்தி விளிம்பிலிருந்து விளிம்புக்கு இழை கட்டியிருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படி. அதற்கடுத்த வீட்டிலும். அந்தக் கிழமை ஊரில் ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் வெளிக்கிட்டுப் போகவில்லை என்று சங்கக்கடையில் விசாரித்து அறிந்தாள்.

திரும்பி வரும் வழியில் அவளுக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியாமல் அழுவது அதுதான் முதல் தடவை. பையை வேலியில் கொழுவிவிட்டு, சீதேவியக்கா கிணற்றில் கயிற்றை இறக்கினாள். மழைத் தூற்றலில் மூன்று வளவுகளுக்கும் அள்ளிச் சுமந்தாள். கடைசி வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வயிறு பிழியத் தொடங்கியது. கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள்.