வரைவில் கிடந்த அறிவிப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் இணையதளத்தின் அடியில் இருக்கும் பின்னூட்டப் பெட்டியில் ஒருவன் எழுதிவைத்த மூன்று சொற்களிலிருந்து வந்தது: “வந்தேன். கதவு பூட்டியிருந்தது.”

திக்கிப் பேசுகிறவர்களுக்கான சங்கம் ஒன்றின் உள்ளூர்க் கிளை நடத்தும் தளம் அது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை நாலரைக்கு நூலக மாடியில் கூடுவார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு பேசுவார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றால் அதை மற்றவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். வெளியே அப்படி இல்லை. எங்கள் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கித் தாங்களே முடித்துவிட்டு, நன்றியையும் எதிர்பார்ப்பார்கள்.

[‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன். அழிக்கலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். இருக்கட்டும்.]

2

முதல் தொடக்கம்: “மழை விடாமல் கொட்டிய ஒரு மாலை, நூலக மாடிப்படியில்—”

[அன்று மழையே இல்லை. மண்டையைப் பிளக்கிற வெயில். கதை எழுத உட்கார்ந்தால் போதும், எல்லோருக்கும் மழை வந்துவிடுகிறது.]

இரண்டாம் தொடக்கம்: “கணினி என்றாலே அவளுக்கு அலர்ஜி—”

[பச்சைப் பொய். அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அளவுகள் எல்லாம் கணினியில்தான் ஏறுகின்றன.]

மூன்றாவது பரவாயில்லை. அவள் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். கிளையில் அவளுக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர். தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, அடுத்து யார் என்ற கேள்வி வந்தது. எல்லோரும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள், ஆனால் ஒரு நொடி தாமதமாக. பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

தலைமைச் சங்கத்தில் ஒரு மென்பொருள்காரர் உண்டு. கிளைகளின் தளங்களைக் கவனிக்கும் தன்னார்வலர்கள் ஏழு பேருக்குக் காணொளியில் பாடம் எடுத்தார். அவரும் திக்குகிறவர்தான். பக்கம் என்பது வேறு, பதிவு என்பது வேறு என்றார். அக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள்: பக்கம் கடையின் பெயர்ப் பலகை, பதிவு கதவில் ஒட்டுகிற தாள். படங்களைச் சுருக்கிவிட்டு ஏற்றுங்கள், கடவுச்சொல்லைக் கணினியிலேயே ஒட்டிவைக்காதீர்கள் என்றெல்லாம் சொன்னார். கடைசியாக, எழுதியதை என்ன செய்வது என்பதற்கு வந்தார்.

“எழுதி முடிச்சதும் சேமிச்சுக்கங்க. அப்புறம் மேல வலது பக்கம் வெ... வெ...”

ஏழு முகங்களும் காத்திருந்தன. ஒருவரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அந்த இலவசக் காணொளிச் சேவை நாற்பது நிமிடத்துக்குமேல் காத்திருக்காது, திரை அணைந்தது.*

* மற்ற ஆறு பேருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். அவர்கள் பழைய ஆட்கள். அக்கா ஒருத்திதான் புதுசு.

3

கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் “நீங்கள் திக்கிய அந்தச் சொல் என்ன” என்று ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது? தன்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். விட்டுவிட்டாள்.

நூலக மாடியில் பூச்சு வேலை தொடங்கப்போகிறது என்று சொன்னதால், கூட்டத்தை இரண்டு தெரு தள்ளிப் பல் மருத்துவமனைக்கு மேலே இருந்த அறைக்கு மாற்றினார்கள். அக்கா உட்கார்ந்து அறிவிப்பை எழுதினாள். வழி சொன்னாள், எந்தப் பேருந்து என்று சொன்னாள், படிக்கட்டு எந்தப் பக்கம் என்றுகூடச் சொன்னாள். ‘சேமி’யை அழுத்தினாள். ‘வரைவு சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. முன்னோட்டத்தில் பார்த்தாள், அறிவிப்பு ஜம்மென்று இருந்தது. கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்திருக்கும் நிர்வாகிக்கு மட்டும்தான் அது தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. மூன்று வாரம் தளம் ஊருக்கெல்லாம் நூலக மாடியையே காட்டிக்கொண்டிருந்தது.

பழைய உறுப்பினர்களுக்கு நேரிலேயே சொல்லியாயிற்று. தளத்தை மட்டும் நம்பி வரக்கூடியவர் ஒரே ஒருவர்தான்: முதன்முறையாக வருகிறவர்.

4

அந்த ஆளை ஐம்பது வயது எழுத்தராக வைத்து எழுதினேன். அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கேலி—

[நகர மாட்டேன் என்கிறார். மாடிப்படியில் ஏறவே மாட்டேன் என்கிறார்.]

அப்புறம் கல்லூரி விரிவுரையாளராக மாற்றினேன். அவரும் ஏறவில்லை. சரி, எதற்கு இத்தனை வேஷம்? அது நான்தான். மருந்துக் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கிறவன். பெட்டிகள் கேள்வி கேட்காது. அந்தத் தளத்தை இரண்டு வருடம் படித்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். பூட்டு தொங்கியது. கதவோரம் ஒரு சுண்ணாம்பு வாளி. உலகமே சேர்ந்து எனக்கு முன்னால் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. அந்த மூன்று சொற்களையும் தளத்தில் போட்டுவிட்டு, இனி இந்த வம்பே வேண்டாம் என்று தீர்மானித்தேன்.

5

என் பின்னூட்டம் ஒப்புதலுக்காக அக்காவிடம் போனது. கடையில் சாப்பாட்டு வேளையில் பார்த்திருக்கிறாள். புரியாமல் தங்கையைக் கூப்பிட்டு, அவளுடைய கைப்பேசியில் தளத்தைத் திறக்கச் சொன்னாள்.

“அக்கா, நூலக மாடின்னுதானே போட்டிருக்கு. பல் ஆஸ்பத்திரின்னு ஒண்ணுமே இல்லையே.”

அன்று அவள் சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது. மென்பொருள்காரரைக் கூப்பிட்டாள். அவருக்கு விஷயம் புரிய நேரமாயிற்று.

“அந்தப் பொத்தானை நான் சொ... சொல்லி முடிக்கலையா?”

“நீங்க சொல்லுவீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்.”

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: “வெளியிடு.”

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் அவளே எழுதினாள். ‘பூட்டிய கதவின் முன்னால் நின்றவருக்கு’ என்று ஒரு பதிவு. யார்மேலும் பழி போடாமல், நடந்ததை அப்படியே எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தாள். அடுத்த கூட்டத்தன்று நாலு மணி முதல் ஐந்தேகால் வரை நூலக வாசலில் தானே நிற்பதாகவும், கையில் நீலக் குடை இருக்கும் என்றும் எழுதியிருந்தாள். மின்விசிறியும் சாப்பாட்டு டப்பாவும் மட்டும் என் கைச்சரக்கு.

6

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவன் நேராகப் போய், “நான்தான் அது” என்று திக்காமல் சொல்கிறான். [நடக்கிற காரியமா?]

இன்னொன்றில் அவன் வீட்டை விட்டே கிளம்பவில்லை. [இதுவும் இல்லை.]

நடந்தது இதுதான். நான் போனேன், எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தம்வரை. நீலக் குடை தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நூலகத்தின் பக்கம் தயங்கி நடந்த ஒவ்வோர் ஆணையும் பெண்ணையும் அவள் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் எனக்கு எட்டவில்லை. ஆனால் அந்த உதடு பூட்டிக்கொள்வதும், கழுத்து நரம்பு புடைப்பதும், கண் ஒரு தடவை இறுக மூடித் திறப்பதும் எனக்குத் தெரியாதா? ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பெண் சிரித்துவிட்டுப் போனாள். அக்கா அடுத்த ஆளிடம் போனாள். வாழ்நாள் முழுக்க நான் யாரிடமும் வழி கேட்காமல் தப்பித்தவன். எனக்காக ஒருத்தி முன்பின் தெரியாத ஒன்பது பேரிடம் திக்கினாள். எண்ணிக்கொண்டே இருந்தேன்.

நான்கு பேருந்துகள் வந்து போயின. நான் ஏறவுமில்லை, சாலையைக் கடக்கவுமில்லை. ஐந்தேகாலுக்கு அவள் குடையை மடக்கிக்கொண்டு போனாள். மறுநாள் தளத்தில் இரண்டு வரி வந்திருந்தது: “நேற்று யாரும் வரவில்லை. அடுத்த மாதமும் அதே இடத்தில் நிற்பேன்.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, என்மேல். பிறகு நெடுநேரம் நன்றியாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. அம்மா இறந்தபிறகு எனக்காக ஒருவர் வாசலில் நின்றது அதுதான் முதல்முறை.

7

தளத்தில் ‘உங்கள் கதையை அனுப்புங்கள்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. இதை அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். அனுப்பியதும் இது நேரே அக்காவின் பட்டியலுக்குப் போகும்; அவள் அழுத்தினால்தான் மற்றவர்கள் படிக்க முடியும். வாசகரே, இது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் அவள் அழுத்திவிட்டாள் என்று அர்த்தம்.

அக்கா, உங்களுக்கு நன்றி. பெயரை எழுதினால் அடுத்த கூட்டத்துச் சனிக்கிழமை வந்தே ஆக வேண்டியிருக்கும் என்பதால் எழுதவில்லை. சாலையைக் கடந்து வருவேன் என்று சத்தியமும் செய்யவில்லை. பழுப்பு நிறச் சட்டை போட்டிருப்பேன், எதிர்ப்பக்க நிறுத்தத்தில், இடதுகோடி இருக்கையில். நீங்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். கடைசி வரியை மட்டும் சனிக்கிழமைக்குப் பிறகு நீங்களே சரிசெய்து, அப்புறம் வெளியிடுங்கள்.

அவன் சாலையைக் கடந்தான் / கடக்கவில்லை. [தேவையற்றதை அடித்துவிடவும்.]