பாஸ்வேர்டு மாற்றிய காலை

பார்சல் வராத கோபத்தில் மறுமுனையில் கத்திக்கொண்டிருந்தவரின் குரல் விட்டுவிட்டுக் கேட்டு, கடைசியில் நின்றே போனது. கூரியர் நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தபடியே திட்டு வாங்குவதுதான் அவள் உத்தியோகம். அதற்கும் நெட் வேண்டுமே! கொஞ்ச நாளாகப் பகல் வேளையில் இதே இழுபறி. எவன் ஓசியில் உட்கார்ந்திருக்கிறான் என்று இன்று பார்த்துவிடுவது என ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள்.

அவளுடைய போன், அவளுடைய கணினி, டிவி. அதற்குக் கீழே முன்பின் தெரியாத ஒரு லேப்டாப். கணவன் வேலைக்குப் போயாயிற்று, மகள் பள்ளிக்கூடத்தில். எழுந்து போய்ப் பூட்டிய கதவையே இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். எதிர் வீட்டு ஜிம் மாஸ்டராக இருக்குமோ? கணவன் தன் சொந்தத் தங்கைக்குக்கூடப் பாஸ்வேர்டை வாயால் சொன்னதில்லை. போனில் கட்டம் கட்டமான க்யூஆர் கோடை எடுத்துக் காட்டி, ஸ்கேன் பண்ணிக்கொள் என்பான். அவ்வளவு காபந்து பண்ணிய வீட்டுக்குள் எவனோ புகுந்துவிட்டான். ஆத்திரத்தில், தனக்கே வாயில் நுழையாத ஒரு புதுப் பாஸ்வேர்டைப் போட்டாள். அந்த லேப்டாப் பட்டியலிலிருந்து காணாமல் போனது. ஒழிந்தான் என்று நிமிர்வதற்குள் போன் அடித்தது. கணவன்.

"வீட்ல நெட் போயிடுச்சாம்மா?"

"இல்லியே, நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

வைத்துவிட்டான். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரின் அந்தக் கோடியில் ஆபீசில் இருப்பவனுக்கு இந்த வீட்டு நெட்டில் அவள் கைவைத்தது எப்படித் தெரியும்? சமீபமாக மாலையில் அவனுக்கு ஆபீசிலிருந்து ஒரு போன்கூட வருவதில்லை. நேரத்தோடு வீட்டுக்கு வருகிறானே என்று இவள் சந்தோஷப்பட்டிருந்தாள், பைத்தியக்காரி. வீட்டு சிக்னல் எட்டுகிற தூரத்தில்தான் இருக்க வேண்டும். குளியலறை ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நேர் கீழே, தண்ணீர்த் தொட்டி ஓரமாக, அவர்களுடைய கார்.

செருப்புக்கூடப் போடாமல் இறங்கினாள். இத்தனை நாளும் என் காதில் பூச்சுற்றியிருக்கிறான், கேட்கிற கேள்வியில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் படியிறங்கினாள். பின் சீட்டில் இஸ்திரி சட்டையும் டையுமாக, மடியில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காலையில் அவள் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ். கதவைத் திறந்து, டிபன் பாக்ஸை நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்டர்வியூ நடந்துட்டிருந்துச்சு. பாதில கட்டாயிடுச்சு," என்றான், அவளைப் பார்க்காமல்.

"நாந்தான் பாஸ்வேர்ட மாத்தினேன். யாரோ திருடறாங்கன்னு நெனச்சு."

"நல்லதுதான். மாத்தணும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவள் லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். புதுப் பாஸ்வேர்டை அடித்தாள். முதல் தடவை தப்பாகிவிட்டது. திரும்ப முதலிலிருந்து அடித்தாள். யார் பாஸ்வேர்டு அடித்தாலும், மனைவியே ஆனாலும், பார்க்கக் கூடாது என்பது அவன் கொள்கை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

திரையில் டை கட்டிய ஒருவர் தோன்றி, "ஹலோ, இப்ப கேக்குதா சார்?" என்றார்.

அவள் அடித்து முடித்துக் கையை எடுத்துவிட்டாள். அவன் இன்னும் திரும்பவில்லை.