இரண்டாவது சாம்பிள்

முனீர் அகமதுவின் ஷூ கம்பெனியில் இங்கிலீஷ் வகுப்பு தொடங்கியதற்கு ஒரு ஃபேக்ஸ்தான் காரணம். ‘மூன்று நாள் சுண்ணாம்புக் குழியில் ஊறியபின், எங்கள் மேனேஜர் தோல்களைச் சோதித்தார்’ என்ற பொருளில் ஆம்பூரிலிருந்து ஜெர்மனிக்கு அது போயிருந்தது. மேனேஜர் இப்போது நலமா என்று மறுநாளே பதில் வந்தது.

அந்த வாரமே கான்வென்ட் டீச்சர் ஜெனிஃபாவைச் சனிக்கிழமை சாயங்காலங்களில் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். தொண்ணூற்றெட்டாம் வருஷம், கம்பெனி கேண்டீனில் ஐந்து வார வகுப்பு.

“ஊறினது தோல். அப்ப அந்த வார்த்தைங்க தோல் பக்கத்துலதான் உக்காரணும், மேனேஜர் பக்கத்துல இல்ல,” என்றாள் ஜெனிஃபா. “அப்புறம், ‘எங்க தோல் இத்தாலியைவிட சாஃப்ட்’னு எழுதுறீங்க. தோலைத் தோலோட ஒப்பிடுங்க. நாட்டோட இல்ல.”

வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையருக்கு மாதிரி ஷூ செய்து அனுப்புகிற சாம்பிள் ரூம் இருதயராஜ் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். மூன்றாவது வாரம் அவனுடைய வீட்டுப்பாட நோட்டுக்குள் ஒரு கடிதம் இருந்தது. ஜெனிஃபா அதை வீட்டில் பிரித்தாள். இங்கிலீஷில் எழுதியிருந்தான்.

‘நீலப் புடவை கட்டிக்கொண்டு மாதா கோவிலுக்குப் போகையில், என் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. உங்கள் குரல் உங்கள் ஹெட்மிஸ்ட்ரஸைவிட இனிமையானது. என் சம்பளம் என் அண்ணனைவிட அதிகம். என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா?’

நீலப் புடவை கட்டிய சைக்கிளை நினைத்து அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. கன்னமும் சுட்டது. வேண்டாம் என்று எழுத மனம் வரவில்லை. சரி என்று எழுதத் துணிச்சல் இல்லை. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் கை பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. பதினொரு வட்டம் போட்டாள். நாலாவது சனிக்கிழமை நோட்டோடு திருப்பிக் கொடுத்தாள்.

அவன் பிரித்துப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “தாங்க்ஸ் மிஸ்,” என்று போய்விட்டான்.

அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆசையாகக் கேட்டவனுக்குப் பரீட்சைப் பேப்பரைத் திருத்துகிற மாதிரி பதில் சொல்லிவிட்டோமே, இனி எந்த முகத்தோடு வருவான் என்று மருகினாள்.

கடைசி வகுப்பு முடிந்ததும் இருதயராஜ் மேஜைக்கு வந்தான். பழைய கடிதத்தின்மேல் புதியது ஒன்றைப் பின் செய்து, மாதிரி ஷூவில் கட்டுகிற அட்டையையும் நூலால் கோத்திருந்தான். அதில் ‘இரண்டாவது சாம்பிள். திருத்தங்கள் செய்யப்பட்டன’ என்று எழுதியிருந்தது.

“கோவம் இல்லையா?” என்றாள் ஜெனிஃபா மெதுவாக.

“கோவம் இன்னாத்துக்கு மிஸ்? பையர் சாம்பிள்ல தப்பை மார்க் பண்ணித் திருப்பி அனுப்பினா ஆர்டர் உசுரோட இருக்குன்னு அர்த்தம். வேணாம்னா மார்க் பண்ண மாட்டான். பதிலே வராது.”

அதே வகுப்பில் படித்து, கேண்டீன் வாசலில் நின்ற பேக்கிங் செக்‌ஷன் பில்கிஸ் நகருவதாக இல்லை. “யாரு யாரு பக்கத்துல உக்காரணும்னு மிஸ்தானே அஞ்சு வாரமா சொல்லிக் குடுத்தாங்க,” என்றாள்.

“நீ போ பில்கிஸ், பஸ் போய்டும்,” என்றான் இருதயராஜ்.

“அடுத்த பஸ்ல போறேன்.”

ஜெனிஃபா கடிதத்தைப் படித்தாள். நீலப் புடவை இப்போது அவள்மேல் இருந்தது. அவள் குரல் ஹெட்மிஸ்ட்ரஸின் குரலைவிட இனிமையாகியிருந்தது. சம்பளம் மட்டும் இன்னும் அண்ணனைவிட அதிகமாகவே இருந்தது.

“ஒரு தப்பு இருக்கு,” என்றாள்.

அவன் முகம் முதல் தடவையாக வாடியது. “மூணாவது சாம்பிள் திங்கக்கிழமை தர்றேன் மிஸ்.”

“திங்கக்கிழமை எனக்கு இங்க வகுப்பு இல்லையே.”

அவள் சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். அவன் சட்டைப்பையிலிருந்த நீலப் பேனாவைக் கேட்டு வாங்கி, அட்டையில் சாம்பிள் சரி என்று பையர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

“அப்ப அந்தத் தப்பு?” என்றான்.

“ப்ரொடக்‌ஷன்ல சரி பண்ணிக்கலாம்,” என்றாள் ஜெனிஃபா.

பில்கிஸ் அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டாள்.